எழுபத்து நான்கா, இருபத்தொன்றா? ரயில் ஓட்டும் கனவு கண் பரிசோதனையில் முடிந்தது, இனி என்ன?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான்கு ஆண்டுகளாக இங்கே வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன். எழுதுவது இதுதான் முதல்முறை.

மானாமதுரைக்குப் பக்கத்துக் கிராமம். வயது 26. ஐடிஐயில் பிட்டர் (பொருத்துநர்) பிரிவு படித்தவன். அப்பா ரயில்வேயில் கேட்கீப்பர். நான் நடக்கப் பழகியதே அவருடைய கேட் அறை வாசலில்தான் என்று அம்மா சொல்வார். ராமேசுவரம் வண்டி கடக்கும்போது எஞ்சினில் இருப்பவர் அப்பாவுக்குக் கையசைப்பார். அந்த இருக்கையில் நான் உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் (ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர்) அறிவிக்கை வந்தபோது 5,696 இடங்கள். பிறகு அதை 18,799 ஆக்கினார்கள். அந்த எண்ணைப் பார்த்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். அந்த நவம்பரில் முதல் தேர்வு, பிறகு இரண்டாவது, பிறகு கணினியில் நடக்கும் உளத்திறன் சோதனை. இந்தக் கடைசிச் சோதனையில் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக 42 புள்ளி எடுத்தாக வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் வெளியே. எல்லாவற்றையும் தாண்டினேன். சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்தது. மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

புள்ளி புள்ளியாக வண்ணம் அச்சடித்த ஒரு புத்தகத்தை முன்னால் வைத்தார்கள். புள்ளிகளுக்குள் தெரிகிற எண்ணைச் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் 12 என்றேன். மருத்துவர் தலையாட்டினார். அடுத்த பக்கத்தில் 3 என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பேனாவால் எதையோ குறித்தார். இன்னும் சில பக்கங்கள் தள்ளி 21 என்றேன். "நன்றாகப் பார்" என்றார். நன்றாகப் பார்த்தேன், 21தான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, எனக்குப் பின்னால் போன பையன் 74 என்று சொல்வது கதவு வழியாகக் கேட்டது. அவர் விரல் வைத்திருந்தது அதே பக்கமாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு நிறக்குறைபாடு இருக்கிறது என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

முன்பே பார்வைச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருந்தேன். வாங்கிய இடத்தில் எழுத்துப் பலகையை மட்டும் வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. 26 வருடம் இந்தக் கண்ணோடுதான் இருந்திருக்கிறேன். சிவப்புச் சட்டை, பச்சைப் புல் எல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டில் அப்பா ஒன்றுமே பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல டியூட்டிக்குப் போய்விட்டார். அம்மா, "வயிற்றில் இருக்கும்போது நான் எதையாவது சாப்பிட்டுவிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஆறுதல் வேண்டாம். இதற்கப்புறம் என்ன செய்ய முடியும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தென்றல்94

தம்பி, படித்துவிட்டு மனம் கனத்துப்போனது. எல்லாம் நன்மைக்கே என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள் உங்களுக்கு இதைவிடப் பெரிதாக ஒன்றை வைத்திருப்பார்.

---

நான்காம்முயற்சி

அக்கா, தவறாக நினைக்காதீர்கள். அவர் ஆறுதல் வேண்டாம் என்று எழுதிய ஐந்தாவது நிமிடத்தில் "எல்லாம் நன்மைக்கே". இரண்டு வருட உழைப்பு ஒரே நிமிடத்தில் போனதில் என்ன நன்மை? போனது போனதுதான். அழுகிறவனை அழ விடுங்கள்.

நண்பா, ஒன்றே ஒன்று சொல்கிறேன். இந்த மாதம் எந்த விண்ணப்பத்தையும் நிரப்பாதே. எனக்கு 31 வயது. ஒவ்வொரு முறை தோற்றதும் அன்று இரவே அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்தவன் நான். துக்கத்தைக் கட்டணம் கட்டிக் கழுவப் பார்த்தேன். வங்கி, அஞ்சல், வனத்துறை, நீதிமன்றம் என்று எதையும் விடவில்லை. எந்தத் தேர்வுக்கு என்ன பாடத்திட்டம் என்பதே குழம்பிப்போய், நான்கு தேர்வுக்கும் அரைகுறையாகப் படித்தேன். என் மேசை இழுப்பறையில் நுழைவுச்சீட்டு மட்டும் ஒரு கட்டு இருக்கிறது. அம்மா பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

---

ஜெயிப்போம்

இதற்குப் போய் ஏன் இவ்வளவு வருத்தம்? அந்தப் புத்தகத்தின் பக்கங்கள் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றன. மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த அறிவிக்கைக்குப் போங்கள். நிறம் தெரிய வைக்கிற கண்ணாடியும் லென்சும்கூட விற்கிறார்கள். என் நண்பனின் நண்பன் அப்படித்தான் உள்ளே போனான்.

---

ஓய்வுபெற்றஓட்டுநர்

ஜெயிப்போம் என்ற பெயரில் எழுதியிருப்பவருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தை மனப்பாடம் செய்து தப்பினாலும் விளக்குச் சோதனை இருக்கிறது. இருட்டறையில், சிறிய துளை வழியாக ஒரு புள்ளி வெளிச்சம் காட்டி என்ன நிறம் என்று கேட்பார்கள். எட்ரிட்ஜ் கிரீன் விளக்கு என்று பெயர். அதை மனப்பாடம் செய்ய முடியாது. வேலையில் சேர்ந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். சரி, அத்தனையிலும் தப்பினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வரும் வண்டியை அவனிடம் கொடுப்பீர்களா?

இனி வைகைக்கரைத் தம்பிக்கு. நான் 34 ஆண்டுகள் வண்டி ஓட்டியவன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நீ என் உதவியாளராக எஞ்சினில் ஏறியிருந்தால் நான் வண்டியை எடுத்திருக்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

சாலையில் நிறம் தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம். மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை என்று இடத்தை வைத்துக் கண்டுகொள்ளலாம். தண்டவாளத்தில் இரவில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உனக்குத் தெரிவது ஒரே ஒரு புள்ளி. கம்பமும் தெரியாது, மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்பதும் தெரியாது. மழை வேறு பெய்யும். அந்தப் புள்ளி மஞ்சள் என்றால், அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகு என்று பொருள். சிவப்பு என்றால் அங்கேயே நில். மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிற வண்டி பிரேக் போட்ட இடத்தில் நிற்காது. அதனால்தான் இரண்டு பேரும் சிக்னலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உதவியாளர் கையை நீட்டி நிறத்தைச் சொல்வார், ஓட்டுநர் திருப்பிச் சொல்வார். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஒருவர் கண்ணை மற்றவர் கண் சரிபார்க்கிற ஏற்பாடு அது. அதில் ஒரு கண் பொய் சொன்னால்?

உன்னைக் காயப்படுத்த இதை எழுதவில்லை. உன்னை மட்டம் தட்டுவதற்காக வைத்த வடிகட்டி அல்ல அது என்பது உனக்குத் தெரிய வேண்டும். காரணம் தெரியாமல் போன வாய்ப்புதான் ஆயுளுக்கும் அரித்துக்கொண்டிருக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவரை 48 வயதில், பார்வை குறைந்ததென்று எஞ்சினிலிருந்து இறக்கினார்கள். அவருக்கு மாற்று வேலை கொடுத்தார்கள். பணியில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. வெளியே நிற்கிற உனக்கு அது கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் உன் வருத்தம் நியாயமானது.

---

வைகைக்கரையான்

ஐயா, படித்தேன். பதில் எழுதச் சற்று நேரம் வேண்டும்.

---

மல்லிகைநகரம்

நான் மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒரு அம்மாவாவது என்னிடம் இதையே கேட்கிறார். அவர் சாப்பிட்ட எதனாலும் இது வரவில்லை. சிவப்பு, பச்சை பிரித்தறியும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு ஒரே ஒரு எக்ஸ், அது அம்மாவிடமிருந்து வருவது. பெண்களுக்கு இரண்டு, ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது ஈடுகட்டிவிடும். அதனால் அம்மாவுக்குக் குறை எதுவும் வெளியே தெரியாது. அம்மாவின் அப்பாவுக்கு இருந்திருக்கலாம். தாத்தாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள் தம்பி, ஏதாவது கதை வரும்.

நீங்கள் பார்த்த புத்தகம் இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் 1917இல் வெளியிட்டது. முதல் பக்கத்து 12 எல்லோருக்கும் தெரியும்; புரிந்துகொண்டு பதில் சொல்கிறீர்களா என்று பார்க்க மட்டும் அது. அடுத்ததில் மற்றவர்களுக்கு 8 தெரியும், உங்களுக்கு 3. மற்றவர்களுக்கு 74, உங்களுக்கு 21. கவனியுங்கள், நீங்கள் ஒன்றும் தெரியாமல் விழிக்கவில்லை. உங்கள் கண்ணுக்கு வேறொரு எண் தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் 26 வருடம் உங்களுக்கு அது தெரியவரவில்லை.

தனக்கு இப்படி இருக்கிறது என்று கண்டுபிடித்து முதலில் ஆய்வுக்கட்டுரை எழுதியவர், பள்ளிக்கூடத்தில் அணுக்கொள்கை என்று படித்தோமே, அந்த ஜான் டால்டன். 1794இல் எழுதினார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் இப்படித் தெரிகிறது என்று நம்பி, இறந்த பிறகு அறுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். 1844இல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பத்திரப்படுத்திய கண்ணிலிருந்து 1995இல் மரபணுவை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மைக் காரணம் உறுதியானது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தக் கதையை நான்தான் சொல்வேன், அதனால் இங்கேயும் சொல்லிவிட்டேன்.

கண்ணாடி, லென்ஸ் பற்றி: சில நிறங்களின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். இல்லாத நிறப்பார்வையைக் கொண்டுவராது. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்று. நிறக்குறைபாடு இருந்தால் கார் ஓட்டும் உரிமமே கிடைக்காது என்று பலரும் பயப்படுகிறார்கள். லேசான, நடுத்தரமான குறை உள்ளவர்களுக்கு உரிமம் தரலாம் என்று 2020இல் விதியைத் திருத்திவிட்டார்கள். உங்களுக்கு எந்த அளவு என்பதை ஒரு நல்ல இடத்தில் முழுமையாகச் சோதித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இனி எந்த வேலைக்குப் போனாலும் அந்தத் தாள் உதவும்.

---

கோவைபேனல்

இந்த இழையை விட்டுப் போக மனமில்லை, ஏனென்றால் நானும் 21 என்று சொன்னவன்தான்.

எனக்கு அது துணை ராணுவப் படைத் தேர்வில். 5 கிலோமீட்டரை 24 நிமிடத்துக்குள் ஓடி முடித்து, உடல் அளவெல்லாம் சரியாகி, கண்ணில் போனது. ஊருக்குப் போகாமல் கோவையிலேயே தங்கிவிட்டேன். ஊருக்குப் போனால் டீக்கடையில் எல்லோரும் என்னிடம் ஒவ்வொரு பொருளாகக் காட்டி "இது என்ன கலர்?" என்று கேட்பார்கள் என்று தெரியும். பிறகு போனபோது அப்படித்தான் கேட்டார்கள். (நீயும் தயாராக இரு. வேட்டிக் கரையைக் காட்டிக்கூடக் கேட்பார்கள்.)

கோவை கணபதி பகுதியில் மின்சாரப் பேனல் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தேன். சிரிக்காதே. நிறம் தெரியாதவன் ஒயரிங் வேலைக்கு! சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். முதல் வாரமே மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் துரத்தவில்லை. ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே முழுக்கப் பெரூல். ஒயர் முனையில் மாட்டுகிற சின்னக் குழாய், ஒவ்வொன்றிலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும். "வரைபடத்தில் எண் இருக்கிறது. ஒயரில் எண் இருக்கிறது. டெர்மினலில் எண் இருக்கிறது. நிறத்தைப் பார்த்துச் செருகுகிறவன்தான் தப்புச் செய்வான். நீ எண்ணைப் பார், பிறகு மீட்டர் வைத்துப் பார்" என்றார்.

இப்போது ஒன்பது வருடம். என் கையிலிருந்து போகிற பேனலில் பெரூல் இல்லாத ஒயர் ஒன்றுகூட இருக்காது. எர்த் ஒயரை மட்டும் இன்றைக்கும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் முடுக்குவேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பெரிய வெற்றிக்கதை என்று நினைத்துவிடாதே. சொந்தப் பட்டறை கிடையாது. மாதச் சம்பளம்தான், வீட்டு வாடகை போக இழுபறிதான். ஆனால் தேர்வுக்கு ஓடிய அந்த மைதானத்தை இப்போதெல்லாம் கனவில் பார்ப்பதில்லை. அது நிற்க இரண்டு வருடம் ஆனது. யாராவது இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று சொன்னால் நம்பாதே.

---

மாதச்சம்பளக்காரி

எல்லோரும் உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள், சரி. யாரும் கணக்குப் பேசவில்லை. தம்பி, ரயில்வேயில் எஞ்சின் மட்டுமா இருக்கிறது? ஒவ்வொரு அறிவிக்கையின் பின்னிணைப்பிலும் பணிக்கு நேராக மருத்துவத் தரம் அச்சிட்டிருப்பார்கள். ஏ-1 என்றால் லோகோ பைலட். ஏ-2 ஸ்டேஷன் மாஸ்டர், சரக்கு வண்டி மேலாளர். ஏ வரிசை முழுவதும் நிறப்பார்வை கேட்கும். சி-1, சி-2 கேட்பதில்லை. எழுத்தர், தட்டச்சர், கணக்குப் பிரிவு வேலைகள் சி-2. என் தம்பி அப்படித்தான் உள்ளே போனான். உங்களுக்குத் தேர்வு எழுதத் தெரியும் என்பது நிரூபணமாகிவிட்டது. இரண்டு வருடப் பயிற்சியைக் கிணற்றில் போடுவானேன்?

விண்ணப்பிக்காதே என்று சொல்கிற அண்ணனிடம் கேட்கிறேன், அப்பா ஓய்வுபெற்ற பிறகு அந்த வீட்டில் அரிசி யார் வாங்குவது?

---

நான்காம்முயற்சி

இந்த மாதம் வேண்டாம் என்றேன், வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே. சரி, நீங்கள் சொன்ன சி-2 விஷயம் உருப்படியானது. அந்தப் பின்னிணைப்பை நானே இதுவரை திறந்து பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு வேண்டியது ரயிலா, ரயில்வேயா? இரண்டும் ஒன்றல்ல. தினமும் வண்டி கிளம்புவதை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது சிலருக்கு மருந்து, சிலருக்குப் புண்ணில் உப்பு.

---

மாதச்சம்பளக்காரி

அதை அவர் முடிவு செய்யட்டும். எனக்கும் விமானத்தில் பறக்க ஆசைதான். பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பிள்ளைகள் படிக்கிறார்கள்.

---

மட்டுறுத்துநர்

இட ஒதுக்கீடு பற்றியும் தனியார்மயம் பற்றியும் வந்த ஆறு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே இழை தொடங்கியவருக்குப் பதில் சொல்லுங்கள்.

---

வைகைக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுத முடியவில்லை.

மல்லிகைநகரம் அக்கா, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "தாத்தாவுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தாத்தா ஊர் பரமக்குடிக்குத் தெற்கே. குண்டு மிளகாய் போடுகிற ஊர். பழம் பறிக்கும்போது தாத்தாவைக் கொல்லைக்குள் விடவே மாட்டார்களாம். காயும் பழமுமாகச் சேர்த்துப் பறித்து வைப்பாராம். பாட்டி, "கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று திட்டுவாராம். பிறகு தாத்தா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்த்து, தளர்ந்திருந்தால் பழம், விறைப்பாக இருந்தால் காய். மெதுவாகத்தான் பறிப்பாராம், ஆனால் ஒரு காய்கூட வராதாம். சாகும்வரை யாருக்கும் காரணம் தெரியவில்லை. சோம்பேறித்தனம் என்றே நினைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அம்மா அழுதார். ஆனால் நான் என்ன சாப்பிட்டேன் என்ற கேள்வி அதோடு நின்றுவிட்டது.

ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஐயா, உங்கள் பதிவை அப்பாவுக்கு அனுப்பினேன். முந்தாநாள் இரவு அவருக்குச் சோறு கொண்டுபோனேன். வண்டி எதுவும் இல்லாத நேரம். கேட் அறைக்குள், கதவைச் சாத்திவிட்டு, மூன்று நிறக் கைவிளக்கைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "வெள்ளை" என்றேன். அவர் காட்டியது பச்சை. இன்னொன்று காட்டினார், "சிவப்பு" என்றேன். திருப்பினார், "அதுவும் சிவப்புதான்" என்றேன். அவற்றில் ஒன்று மஞ்சள். அப்பா விளக்கை அணைத்து மேசையில் வைத்தார். "சோறு ஆறிப்போகுது, உட்காரு" என்றார். இரண்டு பேரும் ஒரே தூக்கில் சாப்பிட்டோம்.

ராமேசுவரம் வரை ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது, கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே மேலே தூக்குவதை வீடியோவில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அது போனது போனதுதான். நான்காம்முயற்சி அண்ணா சொன்னமாதிரி.

மாதச்சம்பளக்காரி அக்கா கேட்ட கணக்குக்கும் பதில் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இன்னும் ஐந்து வருடம் சர்வீஸ் இருக்கிறது. அதற்குள் நான் நிற்க வேண்டும்.

---

அரமும்ஆணியும்

தாமதமாகத்தான் பார்த்தேன். நான் ஐடிஐயில் பிட்டர் பிரிவில் 22 ஆண்டுகள் பாடம் நடத்தியவன். இங்கே இத்தனை பேர் எழுதியதில், அந்தப் பையன் பிட்டர் என்பதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவனும் மறந்துவிட்டான் போல.

தம்பி, முதல் ஆண்டில் உனக்கு என்ன கொடுத்திருப்பார்கள்? ஒரு இரும்புக் கட்டி, ஒரு அரம். நான்கு பக்கமும் சதுரமாக அராவு என்றிருப்பார்கள். கை கொப்பளித்திருக்கும். அராவிவிட்டு மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருப்பாய். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் வாத்தியார் திருப்பி அனுப்பியிருப்பார். வெளிச்சம் புகாத அளவுக்கு அராவிய பிறகுதானே தேறினாய்? அந்த இடுக்கைப் பார்க்க நிறம் வேண்டுமா? வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் பார்க்க நிறம் வேண்டுமா?

உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், ஓர் இடத்தில் உனக்குச் சிக்கல் வரும். உளிக்குப் பதம் வைக்கும்போது சூட்டில் இரும்பின் மேல் ஏறுகிற நிறத்தைப் பார்ப்போம், வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று. அதைக் கண்ணால் நம்பாதே, வெப்பமானி வைத்துக்கொள்.

இனி வழி. இரண்டு இருக்கின்றன. ஒன்று, இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தால் அதற்கு மேல் பொறியியல் படிப்புக்கும் அப்படியே நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. இரண்டாவது, எனக்குப் பிடித்தது. பயிற்றுநர் பயிற்சி என்று ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். சென்னை கிண்டியில் இருக்கும் தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்திலேயே பிட்டர் பிரிவு இருக்கிறது. அதை முடித்தவன் ஐடிஐயில் பாடம் நடத்தலாம். ரயில்வே எழுத்துத் தேர்வைத் தாண்டிய உனக்கு அந்த நுழைவுத் தேர்வு பெரிய மலை அல்ல.

ஒரு சந்தேகம் உனக்கு வரும்: நாளைக்கு என் மாணவன் லோகோ பைலட் ஆகும்போது என் மனம் எப்படி இருக்கும் என்று. எனக்குத் தெரியாது. என் மாணவர்களில் ஏழு பேர் வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவன் கரூரைத் தாண்டும்போதெல்லாம் கூப்பிடுவான், அதுவும் நான் தூங்குகிற நேரத்தில்.

---

ஓய்வுபெற்றஓட்டுநர்

வாத்தியார் சொன்னதைக் கேள். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அந்தத் தடத்தில் நானும் ஓட்டியிருக்கிறேன். அவருக்குக் கையசைத்தவர்களில் நானும் ஒருவனாக இருக்கலாம்.

ஒரு வேண்டுகோள், படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும். லோகோ பைலட்டுக்குப் படிக்க உட்காரும் முன்னால், பத்து ரூபாய்ப் பேனா வாங்கும் முன்னால், நிறப்பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பலகை மட்டும் போதாது. அந்தப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

---

வைகைக்கரையான்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

எழுத்தர் தேர்வா, பயிற்றுநர் படிப்பா என்று நிறைய யோசித்தேன். மாதச்சம்பளக்காரி அக்கா கோபிக்க வேண்டாம், சி-2 பணிகளின் பட்டியலைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அறிவிக்கை வந்தால் அதையும் எழுதுவேன். ஆனால் முதலில் கிண்டி. நுழைவுத் தேர்வுக்குப் பழைய பாடப் புத்தகங்களை எடுத்தாயிற்று. அதுவரை சும்மா இருக்கக் கூடாதென்று, மதுரையில் கப்பலூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் சொல்கிறமாதிரி இல்லை. வாரம் ஒருமுறை ஊருக்கு வருகிறேன், ரயிலில்தான்.

பட்டறையில் முதல் நாளே கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன், கோவைபேனல் அண்ணா. அவர்களும் வேட்டிக் கரையைக் காட்டினார்கள்.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி. நான் அரம் பிடித்து ஐந்து வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பழகலாம் என்று அப்பா ஒரு பழைய வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) வாங்கித் திண்ணையில் பதித்துக் கொடுத்திருக்கிறார். எந்த அரம் வாங்கட்டும்?

---

அரமும்ஆணியும்

பத்து அங்குலத் தட்டை அரம், செகண்ட் கட் (ஓரளவு நுண்ணிய பல் உள்ளது). மலிவாகக் கிடைக்கிறதென்று சந்தையில் வாங்காதே. புதியதை எடுத்ததும் இரும்பில் வைக்காதே, முதலில் கொஞ்ச நாள் பித்தளையில் ஓட்டு; பல் சற்றுத் தேய்ந்த பிறகு இரும்புக்குக் கொண்டுவா. மாற்றிச் செய்தால் பித்தளையில் வழுக்கும். பல்லிடுக்கில் துகள் அடைக்காமல் இருக்கச் சுண்ணக்கட்டி தேய்த்துக்கொள்.

வைஸ் எந்த உயரத்தில் பதித்திருக்கிறார்? முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். ஒரு படம் எடுத்து இங்கே போடு.